சான்று: மனைவி

“இரண்டாம் சந்ததியில் வேறுபாடு காட்டப்படவில்லை. திருத்துக.”

கைபேசியில் வந்திருந்த அந்த வரியை அருந்ததி திரும்பத் திரும்ப வாசித்தாள். எத்தனை தரம் வாசித்தும் அது நீளவும் இல்லை, இளகவும் இல்லை. பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடுப்பைக் கழுவி, தரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.

“இஞ்சேர், பால்!” என்றான் கணவன் கோகுலன், குசினி வாசலில் நின்று.

“பாலை விடுங்கோ. ஆலடியான் படத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டார்.”

“எந்தப் படம்? நீரும் உந்தக் குருநகர்ப் பெடியனும் சேர்ந்து கீறின பட்டாணிப் படமோ?”

“ஓம்.”

கோகுலன் வந்து அடுப்பை அணைத்தான். அவன் மானிப்பாய் வீதியில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருப்பவன். எது பழுதானாலும் முதலில் ஒழுக்கை நிறுத்திவிட்டுத்தான் கதை கேட்பான்.

கதை இதுதான். இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் யாரும் எழுதலாம். யாரும் அழிக்கவும் செய்யலாம் என்பதை எழுதத் தொடங்கிய பிறகுதான் சொல்வார்கள். அருந்ததி ஒருநாள் அதில் மெண்டல் என்ற பெயரைத் தேடிப் பார்த்தாள். பக்கத்தில் இரண்டே வரி இருந்தது. அதில் ஒன்று பிழை. பிழையைத் திருத்தினாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பிறகு படம் கீறுவதற்குக் குருநகர் ஜெரிசன் வந்து சேர்ந்தான். மதுரையிலிருந்து ‘வைகைச்செல்வி’ என்ற பெயரில் ஒருத்தி வந்தாள். மூவரும் சேர்ந்து சம்பளமில்லாமல், சாப்பாட்டு நேரம் பாராமல் உழைத்து, ‘மெண்டலின் விதிகள்’ கட்டுரையை இரண்டு வரியிலிருந்து ஒரு சிறு புத்தக அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது அது ‘சிறப்புக் கட்டுரை’ ஆவதற்குப் போட்டியில் நின்றது. வென்றால், உலகத் தமிழர் எல்லாரும் பார்க்கும் முதற்பக்கத்தில் ஒரு நாள் முழுக்க இருக்கும். வெல்வதற்கு, கட்டுரையில் கை வைக்காத ஒரு மதிப்பாய்வாளர் ‘ஆதரவு’ என்று ஒரு சொல் எழுத வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் எழுத வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

பரம்பரை பற்றித் தமிழில் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கிற பொறுமை அந்தக் களஞ்சியத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர்தான் ‘ஆலடியான்’. உண்மைப் பெயர் தியாகராசா, சாவகச்சேரிப் பக்கம், தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். ஆளை ஒருவரும் கண்டதில்லை.

இதில் அருந்ததிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கோகுலனே கேட்டிருக்கிறான். அருந்ததி உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். மூன்று தரம் சோதனை எடுத்து, மூன்று தரமும் மருத்துவ பீடத்துக்கு மட்டுமட்டாகத் தவறினாள். பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, கலியாணம் என்று வாழ்க்கை நன்றாகத்தான் போனது. ஆனால் நாற்பது வயதாகியும் சொந்தக்காரர் அவளை அறிமுகப்படுத்துகிற விதம் மாறவில்லை. “இவதான் எங்கடை அருந்ததி. மெடிசின் மட்டுமட்டாய்த் தவறின பிள்ளை.”

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் பெரிய மாமி அதே வசனத்தை ஒரு புதுச் சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னபோது, அருந்ததிக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. “வாற மாதம் நான் எழுதின உயிரியல் கட்டுரை உலகம் முழுக்கப் பாக்கிற முதற்பக்கத்திலை வருது மாமி. பாத்திட்டுக் கதையுங்கோ” என்றாள். அந்தச் சபையில் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டாள். இப்போது அந்த மாதமும் வந்துவிட்டது; சொந்தக்காரர் எல்லாரும் காத்திருந்தார்கள்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மெண்டல் என்ற துறவி மஞ்சள் விதைப் பட்டாணியையும் பச்சை விதைப் பட்டாணியையும் கலந்து பார்த்தார். பிள்ளைகள் எல்லாம் மஞ்சள். இரண்டாம் சந்ததியான பேரப்பிள்ளைகளில், மூன்று மஞ்சளுக்கு ஒரு பச்சை என்று ஒளிந்திருந்த பச்சை திரும்ப வந்தது. பரம்பரை இயல் முழுவதும் இந்தப் பட்டாணியில்தான் குந்தியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இதை நிரூபிக்கப் பட்டாணியே தேவையில்லை. ஒரு கலியாண வீட்டு வாசலில் நின்று மூக்குகளைப் பார்த்தால் போதும். ஆனாலும் களஞ்சியத்துக்குப் படம் வேண்டும். ஜெரிசன் கீறினான். ஒவ்வொரு பட்டாணியின் மேலும் சின்னதாக ஓர் எழுத்தும் போட்டான்.

அருந்ததி அவனுக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, உவருக்கு எங்கை வேறுபாடு காணேல்லை?” என்றான் ஜெரிசன். “முன்பள்ளிப் பிள்ளையும் சொல்லும், உது மூண்டுக்கு ஒண்டெண்டு!”

“தம்பி, உனக்கு விளங்கேல்லை. அவர் படத்தைப் பற்றிக் கதைக்கேல்லை. என்னைப் பற்றிக் கதைக்கிறார்.”

“ஏன், நீங்கள் அவருக்கு என்ன செய்தனீங்கள்?”

செய்திருந்தாள். போன வருடம், ஆலடியான் எழுதிய ஒரு கட்டுரையில் ‘பிறப்புரிமையியல்’ என்று இருந்த இடமெல்லாம் ‘மரபியல்’ என்று மாற்றிவிட்டாள். இலங்கைப் பாடப்புத்தகத்தில் முன்னது, தமிழ்நாட்டில் பின்னது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்தாள். அதற்கு ஆலடியான் எழுதிய பதில் ஒரே ஒரு சொல்: “கவனித்தேன்.”

அந்தச் சொல்லின் பாரம் யாழ்ப்பாணத்தாருக்குத்தான் தெரியும். இங்கே பக்கத்து வளவுக்காரன் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டால், இந்த வளவுக்காரன் சத்தம் போட மாட்டான். “கவனிச்சனான்” என்று மட்டும் சொல்வான். அதற்குப் பிறகு வழக்கு பேரன் காலம்வரை நடக்கும்.

“அப்ப எங்கடை கட்டுரையிலை அவரின்ரை சொல்லையே போட்டுவிடுங்கோ அக்கா. ஆள் குளிர்ந்திடுவார்” என்றான் ஜெரிசன்.

மாற்றினாள். ‘மெண்டலின் விதிகள்’ கட்டுரையில் இருந்த ‘மரபியல்’ எல்லாம் ஒரே மூச்சில் ‘பிறப்புரிமையியல்’ ஆகின. பாலைத் துடைத்துவிட்டு வருவதற்குள் மதுரையிலிருந்து வைகைச்செல்வி எழுதியிருந்தாள்.

“தோழி, இது என்ன அநியாயம்? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்தச் சொல்லைப் பார்த்தால் காணிச் சட்டம் என்று நினைத்து ஓடிவிடுவார்கள். உடனே மாற்றுங்கள்!”

அவள் மாற்றுவதற்குள் கனடாவிலிருந்து ஒருவர் மாற்றினார். அவர் மாற்றியதைச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் திருப்பினார். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு சொல்லுமே சரியில்லை என்று மூன்றாவதாக ஒரு சொல்லைக் கண்டுபிடித்துப் போட்டார். மத்தியானத்துக்குள் கட்டுரையின் உரையாடல் பக்கம் சந்தை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் ஆலடியான் வந்தார்.

“பெயர் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. படம் பற்றிக் கேட்டேன். வேறுபாடு இன்னும் காட்டப்படவில்லை.”

“பாத்தியளோ!” என்றாள் அருந்ததி கோகுலனிடம். “எவ்வளவு கோவம் எண்டால் கோவம் இல்லாத மாதிரி எழுதுவார்!”

ஜெரிசனுக்கு இப்போது ரோசம் வந்துவிட்டது. குருநகரில் அவன் வைத்திருப்பது கலியாண ஆல்பம் செய்கிற ஸ்டூடியோ. கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்கி, மழை பெய்த நாளில் வெயில் எறிக்க வைத்து, வராத மாமனை வந்ததாகச் சேர்த்துவிடுகிற கைகாரன். அவன் படத்தைப் புதிதாகக் கீறினான். பட்டாணிகளை மினுக்கினான். ஒவ்வொன்றுக்கும் கீழே மெல்லிய நிழல் வைத்தான். வடிவைக் கெடுக்கிறது என்று மேலே இருந்த எழுத்துகளை எடுத்துவிட்டான். பட்டாணி ஒவ்வொன்றும் தாலிகட்டு நாள் பொம்பிளை மாதிரி மினுங்கியது.

“இது எப்பிடி அக்கா?”

“தம்பி, எனக்குக் கண் கலங்குது. அவ்வளவு வடிவு.”

ஆலடியானின் பதில் வந்தது. “முன்பு எழுத்தாவது இருந்தது. இப்போது வெறும் உருண்டைகள். படம் பின்னோக்கிச் செல்கிறது.”

ஜெரிசன் உடனே போன் எடுத்தான். “அக்கா, ஆல்பத்தைப் பாத்து விவாகரத்து எடுத்த சோடி கூட எனக்கு உப்பிடிச் சொல்லேல்லை” என்றான்.

“விடு தம்பி. கீறின படம் வேண்டாமெண்டால் உண்மைப் பட்டாணியையே காட்டுவம்.”

கூட்டுறவுச் சங்கக் கடையில் காய்ந்த பட்டாணி மஞ்சளிலும் இருந்தது, பச்சையிலும் இருந்தது. அருந்ததி இரண்டையும் வாங்கி வந்து, சுளகில் தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசை வரிசையாக அடுக்கினாள். ஒன்று உருள, மற்றது உருள, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கி முடித்தபோது கைபேசியில் மின்சாரம் இல்லை. அதை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தால் சுளகு வெறுமையாக இருந்தது.

“என்ரை பட்டாணி எங்கை?”

“ஊறப் போட்டிட்டன்” என்றான் கோகுலன் பெருமையோடு. “நீர் உதோடை நிண்டு மினைக்கெடுறீர். பின்னேரம் தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளிப்பம் எண்டு நினைச்சன்.”

“ஐயோ! அது மெண்டலின்ரை குடும்பம்!”

“இப்ப நல்லாய் ஊதியிருக்கும்” என்றான் கோகுலன். உதவி செய்த மனிதனுக்கு வீட்டில் மதிப்பில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

இரண்டாம் தரம் அடுக்கினாள். இம்முறை கோகுலனை முற்றத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். படம் நல்ல வெளிச்சத்தில் வந்தது. ஏற்றியவுடன் வைகைச்செல்வி, “அடடா! இப்போது பளிச்சென்று இருக்கிறது. எங்கள் வீட்டு வாண்டுகூடப் பார்த்த உடனே சொல்லிவிட்டது!” என்று எழுதினாள். சிங்கப்பூர்க்காரர் கைதட்டினார். கொழும்புக்காரரே பாராட்டினார்.

ஆலடியான் எழுதினார்: “ஒரு சுளகு பட்டாணி. பார்த்தேன். இதில் பரம்பரை எங்கே?”

இனிச் சந்தேகமே இல்லை. உலகத்தில் எல்லாருக்கும் தெரிகிற ஒன்று ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அது மனதில் உள்ள கோபம்தான் என்று அருந்ததி முடிவு கட்டினாள்.

“மனிசரைக் கொம்பியூட்டருக்குள்ளாலை சமாதானப்படுத்தேலாது” என்றான் கோகுலன். பட்டாணி விசயத்தில் தப்பாகிப்போனதை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. “எங்கடை மரத்திலை மாம்பழம் கிடக்கு. சாவகச்சேரி பஸ்ஸிலை ஓடுற றமேஸ் என்ரை கராஜுக்கு வாற ஆள்தான். ஒரு பை குடுத்துவிடுவம். மன்னிப்புக் கேட்டதாயும் இருக்கும், கேக்காததாயும் இருக்கும்.”

அருந்ததிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. யாழ்ப்பாணத்தில் யாருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் படும். அவள் மாம்பழத்தை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தாள். றமேஸ் வீடு தேடிப் போய்க் கொடுத்தான். ‘கிடைத்தது’ என்று ஒரு சொல் வரும், அதோடு மனம் இளகும், அதற்குப் பிறகு ‘ஆதரவு’ வரும் என்று அருந்ததி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வந்தது. தனிப்பட வரவில்லை. உலகத் தமிழர் எல்லாரும் வாசிக்கிற உரையாடல் பக்கத்தில் வந்தது.

“பதிவுக்காக: இக்கட்டுரையின் முதன்மைப் பங்களிப்பாளர் மதிப்பாய்வாளரின் வீட்டுக்கு ஒரு பை மாம்பழம் அனுப்பியுள்ளார். நல்ல இனம். இரண்டு இன்னும் பழுக்கவில்லை (சான்று: மனைவி). இது மதிப்பாய்வைப் பாதிக்காது. வேறுபாடு காட்டப்படவில்லை.”

களஞ்சியத்தில் எதைச் சொன்னாலும் சான்று கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதை மாம்பழம்வரைக்கும் கடைப்பிடித்த மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கனடாக்காரர் உடனே கேட்டார்: “யாழ்ப்பாணத்தில் சிறப்புக் கட்டுரை என்ன விலை? பழமா, காயா?” கொழும்புக்காரர் கட்டுரையின் தலையில் ‘நடுநிலை கேள்விக்குரியது’ என்று ஒரு சிவப்புப் பட்டி ஒட்டினார். வைகைச்செல்வி மட்டும், “எங்களுக்கெல்லாம் அனுப்பவில்லையே தோழி!” என்று எழுதினாள். அவள் பகிடியாக எழுதினாளா உண்மையாக எழுதினாளா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை கொழும்பிலிருந்து தங்கை நிவேதனா போன் எடுத்தாள். அவளுடைய கணவன் டாக்டர்.

“அக்கா, நீ லஞ்சம் குடுத்தனியாம் எண்டு இவர் வாசிச்சிட்டுச் சொல்லுறார். மெய்யே?”

“மாம்பழம்தான் குடுத்தனான்.”

“பெரிய மாமிக்கும் தெரிஞ்சு போச்சு. ‘அண்டைக்கு மாக்ஸாலை தவறினது, இண்டைக்கு மாங்காயாலை தவறுது’ எண்டு சொன்னவவாம்.”

அருந்ததி போனை வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். பட்டாணிக்காக அழவில்லை, மாமிக்காகவும் அழவில்லை. ஒரு விசயத்தை இவ்வளவு ஆசையாகப் படித்து, இவ்வளவு பேருக்கு விளங்கும்படி எழுதியும், கடைசி மதிலில் கால் தட்டி விழுவதுதான் தன் தலைவிதியோ என்று நினைத்தபோது அவளுக்கு மனம் விட்டுப்போனது. கோகுலன் தாளித்த பட்டாணியை ஒரு கோப்பையில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அழுதுகொண்டே சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு பின்னேரம் ஜெரிசனுக்குப் போன் எடுத்தால், தேவாலயத்தில் ஒரு கலியாணத்தில் நின்றான். “அக்கா, பொம்பிளை உள்ளை வரப்போறா, பேந்து எடுக்கிறன்!” என்று வைத்துவிட்டான். மின்சாரமும் போயிற்று. கொம்பியூட்டர் கறுத்துப் போனது. ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

அழுகை தீர்ந்த இடத்தில் அருந்ததிக்குக் கோபம் வந்தது. அலுமாரியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்தாள்.

“என்ன செய்யப்போறீர்?” என்றான் கோகுலன்.

“கீறப்போறன்.”

“கலர் வேண்டாமோ? கடைக்குப் போய் வாங்கி வரட்டே?”

“கலரும் மண்ணாங்கட்டியும்! மூண்டு தரம் சோதனை எடுத்தனான். மூண்டு தரமும் செய்முறையிலை பென்சிலாலைதான் கீறினனான். உயிரியல் படத்துக்கு நிறம் தீட்டக் கூடாது, நிழல் போடக் கூடாது, கோடும் புள்ளியும்தான். அதிலை மட்டும் எனக்கு ஒருத்தரும் ஒரு புள்ளி குறைச்சதில்லை. பிழையெண்டால் உவர் நேரை வந்து சொல்லட்டும்!”

யன்னல் வெளிச்சத்தில் இருந்து கீறினாள். மஞ்சள் பட்டாணி எல்லாவற்றுக்கும் புள்ளி. பச்சைப் பட்டாணி எல்லாவற்றுக்கும் சாய்கோடு. கோபத்தில் போட்ட புள்ளி என்பதால் ஒவ்வொன்றும் நன்றாகவே பதிந்தது. அடிமட்டம் வைத்துப் பெயர்க்கோடு இழுத்தாள். பல வருடங்களுக்குப் பிறகு கை தானாகப் போனது. கீறி முடித்துப் பார்த்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது: இந்தக் கைதான் மட்டுமட்டாய்த் தவறிய கையா?

கைபேசியால் படம் பிடித்து ஏற்றினாள். கீழே, “இதற்கு மேல் என்னால் ஏலாது” என்று எழுதினாள்.

கோகுலன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் உடனேயே வந்தது.

“இப்போதுதான் படம் படமாக இருக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆரம்பத்திலிருந்து இதைத்தான் கேட்டேன். ஆதரவு.”

அருந்ததி கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கோகுலன் அவளைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே விட்டான். தேவாலயத்திலிருந்து ஜெரிசன் எடுத்து, பின்னால் வாத்தியம் முழங்க, “அக்கா! வெண்டிட்டம்!” என்று கத்தினான். மின்சாரமும் அந்த நேரம் பார்த்து வந்தது. வராமலே இருந்திருந்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு முதன்முறையாகத் தோன்றியது.

கொழும்புக்காரர் சிவப்புப் பட்டியைத் தானே கிழித்தார். சொல் சண்டையும் தீர்ந்தது: ‘மரபியல் அல்லது பிறப்புரிமையியல்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். அடுத்த வாரம் ‘மெண்டலின் விதிகள்’ முதற்பக்கத்தில், பென்சில் படத்தோடு, நாள் முழுக்க நின்றது. எங்கெங்கோ இருந்து நன்றி எழுதினார்கள். மலேசியாவிலிருந்து ஓர் ஆசிரியர், “எத்தனையோ புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருவரையும் கேட்காமல் நானாக எண்ணிப் பார்த்தது இதுதான் முதல் தடவை” என்று எழுதினார். அவர் ஏன் அப்படி எழுதினார் என்று யாரும் யோசிக்கவில்லை; புகழ்ச்சியை யார் ஆராய்வார்கள்? ஜெரிசன் அந்தத் தாளை வாங்கிப் போய்த் தங்கக் கரை வைத்துச் சட்டம் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டினான்.

அடுத்த கலியாண வீட்டில் பெரிய மாமி அருந்ததியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஒருவருக்கு அறிமுகப்படுத்தினார். “இவதான் எங்கடை அருந்ததி. முதற்பக்கத்திலை வந்த பிள்ளை.” பிறகு சற்று யோசித்து, “டொக்டர்மாருக்கே இவதான் இப்ப படம் கீறிக் குடுக்கிறா” என்று தன் கணக்கில் ஒரு பொய்யையும் சேர்த்தார். அருந்ததி அதைத் திருத்தவில்லை. சான்றும் கேட்கவில்லை.

அந்த மகிழ்ச்சிக்கு மேல் ஆலடியானிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “சாவகச்சேரிக்கு வரவும். மாம்பழத்துக்குப் பதிலாகச் சோறு தர வேண்டும். அப்போதுதான் அது லஞ்சம் ஆகாது.”

அருந்ததி, கோகுலன், ஜெரிசன் மூவரும் போனார்கள். புலி மாதிரி ஒருவரை எதிர்பார்த்துப் போனவர்களை, ஒல்லியான, சாதுவான ஒரு மனிதர் படலையில் வந்து வரவேற்றார். நீலச் சட்டைக்குப் பொருத்தமான கரை வைத்த வேட்டி கட்டி, மிக நேர்த்தியாக இருந்தார்.

சாப்பிட இருந்ததும் அருந்ததியால் பொறுக்க முடியவில்லை. “மாஸ்டர், போன வருசம் உங்கடை கட்டுரையிலை மரபியல் எண்டு மாத்தினதுக்கு என்னோடை கோவமோ?”

“எந்த மாத்தம்?” தியாகராசா மாஸ்டர் யோசித்தார். “ஓ, அதோ. கவனிச்சனான் எண்டு எழுதினனானே.”

“அதைத்தான் கேக்கிறன்.”

“கவனிச்சபடியால்தான் பிள்ளை அப்பிடி எழுதினனான்.”

ஜெரிசன் சோற்றுக் கையோடு நிமிர்ந்தான். “அப்ப என்ரை படத்திலை என்ன பிழை, மாஸ்டர்?”

“பிழையெண்டு நான் எப்ப சொன்னனான் தம்பி? எல்லா உருண்டையும் ஒண்டாய் இருந்தது. இருந்ததைச் சொன்னனான். நான் படிப்பிச்ச காலம் முழுக்கக் கலர்ப் பென்சிலோடை வந்த பெடியளை வகுப்புக்கு வெளியாலை விட்டனான். கலர் எண்டது சும்மா மயக்கு வேலை. கோடும் புள்ளியும்தான் பொய் சொல்லாது. என்ன, அருந்ததி?”

“ஓம் மாஸ்டர்” என்றாள் அருந்ததி. இப்படி ஒரு கொள்கைப் பிடிப்புள்ள மனிதரையா சந்தேகித்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாப்பாடு முடிந்து பழக்கூடை வந்தது. மாஸ்டர் பேச்சின் நடுவே ஒரு மாம்பழத்தை எடுத்தார். அவருடைய மனைவி அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு, வேறொன்றைக் கையில் வைத்தார். மாஸ்டர் பேச்சை நிறுத்தவே இல்லை.

“அடுத்த கட்டுரை என்ன தெரியுமே? நிறக்குருடு! பரம்பரையாய் வாறது. அருமையான விசயம். எங்கடை பக்கத்திலை உப்பிடி ஒருத்தரையும் என்ரை வயசுக்கு நான் காணேல்லை, அதாலைதான் ஒருத்தரும் எழுதாமல் கிடக்கு. நீர் எழுதும், படமும் நீரே கீறும். நான் மதிப்பாய்வு செய்யிறன்.”

“கட்டாயம் மாஸ்டர்!” என்றாள் அருந்ததி. இன்னொரு முதற்பக்கம் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்தச் சந்தோசத்தோடு கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள்.

பின்னாலேயே வந்த மாஸ்டரின் மனைவி, கதவை அரைவாசி சாத்திவிட்டு, அவள் காதோடு சொன்னார்:

“பிள்ளை, அந்தக் கட்டுரையை மட்டும் வேறை ஆரிட்டையும் குடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ, கலியாணம் முடிச்ச நாள் தொட்டு இவருக்குப் பச்சை எது மஞ்சள் எது, காய் எது பழம் எது எண்டு நான்தான் பாத்துச் சொல்லுறன், தனக்கு அது தெரியாதெண்டு இவருக்கு இன்னும் தெரியாது.”